எழுத்தெண்ணிப் பாடுதல்: புத்தளக் கரையிலிருந்து ஒரு நோக்கு

எழுத்தெண்ணிப் பாடுதல் தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் அடிகளை வகுக்குமிடத்து எழுத்தையே அளவுகோலாகக் கொள்கின்றது. 4 முதல் 6 எழுத்து வரை வருவது குறளடி. 7 முதல் 9 வரை சிந்தடி. 10 முதல் 14 வரை நேரடி. 15 முதல் 17 வரை நெடிலடி. 18 முதல் 20 வரை கழிநெடிலடி. பிற்கால யாப்பு நூலார் இதே அடிகளைச் சீரால் எண்ணத் தலைப்பட்டனர். எழுத்தெண்ணும் முறை படிப்படியாகச் சுருங்கி, கட்டளைக் கலித்துறை, கட்டளைக் கலிப்பா முதலிய சில வடிவங்களிலேயே தங்கிற்று. பின்னர் அது வேறொரு வாயிலால் நம்மிடையே மீண்டும் புகுந்தது. ஐந்து, ஏழு, ஐந்து என அசையெண்ணும் யப்பானிய ஹைக்கூவே அவ்வாயில்.

இன்று மாணவரிடையே நடைபெறும் கவிதைப் போட்டிகளில் எழுத்தெண்ணுவோர் இரு திறத்தினராகக் காணப்படுகின்றனர். மரபு வழி நின்று கட்டளைக் கலித்துறை யாப்போர் ஒரு திறத்தினர். ஹைக்கூவின் பதினேழு அசையைத் தமிழிலும் பேண வேண்டுமென்போர் மற்றைத் திறத்தினர். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் ஏற்பதில்லை. ஆயினும் கவிதையை மதிப்பிடும் முறையில் இருவரும் ஒத்துப்போகின்றனர். விரலை மடக்கி எண்ணுவர், எண்ணிக்கை சரியாயின் செய்யுள் சரி என்பர், பிழையாயின் தள்ளுவர். நடுவரும் பெரும்பாலும் இதனையே செய்கின்றனர். இம்முறை இளங்கவிஞருக்கு நன்மை தருமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. எண்ணிக்கை என்பது ஓசையின் விளைவேயன்றி அதன் காரணமன்று என்பதும், ஆதலால் நாம் மதிக்கும் புலவரிடமிருந்து கற்கவேண்டியது எண்ணிக்கையையன்று, செவியை என்பதும் இதன் துணிபு.

இதனை ஆராய்வதற்குக் கற்பிட்டி முதல் சிலாபம் வரையுள்ள புத்தளக் கரை பொருத்தமான களமாகும். தமிழ்ப் புலவரின் வரலாறுகளை அச்சு நூலாகத் தொகுத்தளித்த முன்னோடி இக்கரையிற் பிறந்தவர். உடப்பின் அம்பாப் பாடல், பள்ளிவாசல்களில் ஓதப்படும் பைத்து, கத்தோலிக்கரின் தவக்காலப் புலம்பல் எனத் தமிழ்ச் செவியைப் பயிற்றிய வெவ்வேறு ஓசை மரபுகள் இங்கே அருகருகே வாழ்ந்துள்ளன. தமிழ்ச் செவி ஒரு சமூகத்தினின்று மறைந்தால் யாது நேரும் என்பதற்கும் இக்கரையே சான்று பகரும்.

முதலில் விதியை நோக்குவோம். கட்டளைக் கலித்துறை அடிதோறும் ஐந்து சீர் பெறும். இறுதிச் சீர் விளங்காய்ச் சீராதல் வேண்டும். சீர்கள் வெண்டளை பிழையாது தொடர்தல் வேண்டும். மெய்யெழுத்தை நீக்கி எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடி 16 எழுத்தும் நிரையசையில் தொடங்கும் அடி 17 எழுத்தும் பெறும். நான்கடியும் ஓரெதுகை பெறுவதால், முதலடி எவ்வசையில் தொடங்குகின்றதோ ஏனைய அடிகளும் அவ்வசையிலேயே தொடங்கும். எனவே முழுச் செய்யுள் 64 அல்லது 68 எழுத்துக் கொண்டதாகும்.

இவ்விதியைக் கற்பிக்குமிடத்து, தளையோடு தொடர்பில்லாத தனிக் கட்டளை போலவே எண்ணிக்கை முன்வைக்கப்படுகின்றது. சிறிது கணக்கிட்டு நோக்கின் உண்மை புலப்படும். நேரசை ஓரெழுத்து, நிரையசை ஈரெழுத்து. வெண்டளையாவது மாச்சீரின் பின் நிரையும், விளச்சீரின் பின்னும் காய்ச்சீரின் பின்னும் நேரும் வருவது. மாச்சீர் நேரில் முடியும். அடுத்து நிரை வரும். இரண்டும் கூடி மூன்றெழுத்து. விளச்சீர் நிரையில் முடியும், அடுத்து நேர் வரும், இதுவும் மூன்றெழுத்து. ஆகவே சீரும் சீரும் சந்திக்கும் இடந்தோறும் மூன்றெழுத்தே உண்டு. ஐந்து சீரடியில் அத்தகைய சந்திப்பு நான்கு, ஆகப் பன்னிரண்டு. இறுதிச் சீரின் முதலசை நான்காம் சந்திப்பில் அடங்கிவிட்டது, அச்சீரில் எஞ்சிய நிரையும் நேரும் மூன்று, ஆகப் பதினைந்து. இனி எண்ண எஞ்சியிருப்பது அடியின் முதலசை ஒன்றே. அது நேராயின் பதினாறு, நிரையாயின் பதினேழு.

அடியின் இடையிலே மாங்காய்ச் சீர் வரினும் இக்கணக்குப் பிழையாது. அதன் நடுவிலுள்ள நேரும், இறுதி நேரும், அடுத்த சீரின் முதல் நேரும் கூடி மூன்றேயாகும். விளங்காய்ச் சீர் இடையில் வந்தாலோ ஓரெழுத்து மிகும். அது இடையில் விலக்கப்பட்டு ஈற்றில் மட்டும் நிறுத்தப்பட்டமைக்குரிய காரணம் இதனால் விளங்கும். இங்ஙனம் நோக்குமிடத்து, பதினாறு, பதினேழு என்னும் எண்கள் இலக்கண ஆசிரியர் ஒருவர் தம் விருப்பப்படி விதித்தவையல்ல என்பது தெளிவாகும். வெண்டளை ஓசை தடையின்றி ஓடி விளங்காயில் வந்து தங்கும்போது அவ்வெண்கள் தாமாகவே அமைகின்றன.

இதன் மறுதலையும் கருதற்பாலது. ஓசை சரியாயின் எண்ணிக்கை சரியாகும். எண்ணிக்கை சரியாயின் ஓசை சரியாகும் என்பது பெறப்படாது. விளக்கத்தின் பொருட்டு இக்கரையின் உப்பளத் தொழிலாளரைக் குறித்து ஓரடி அமைத்துப் பார்க்கலாம்:

உப்பளப் பாத்தி வெயிலில் உழைப்பவர் ஓய்ந்திருந்தார்

கூவிளம், தேமா, புளிமா, கருவிளம், கூவிளங்காய் எனச் சீர்கள் அமைகின்றன. தளை எங்கும் தட்டவில்லை. எழுத்து 16. இவ்வடியில் இரண்டு சொற்களை மட்டும் இடம் மாற்றுவோம்:

உப்பளப் பாத்தி உழைப்பவர் வெயிலில் ஓய்ந்திருந்தார்

சொற்கள் அவையே; எழுத்தும் 16; ஈற்றுச் சீரும் விளங்காயே. விரல் மடக்கி எண்ணும் நடுவர் இதனைத் தள்ளுவதற்கு இடமில்லை. ஆயினும் வாய்விட்டுப் படிப்பவருக்கு ‘உழைப்பவர்’ என்னும் சீரின் பின்னும் ‘வெயிலில்’ என்னும் சீரின் பின்னும் நாத் தடுக்கும். விளத்தின் பின் நிரையும், மாவின் பின் நேரும் வந்து வெண்டளை இரண்டிடத்திற் சிதைந்தமையே காரணம். ஓரிடத்தில் மிகுந்த எழுத்தை மற்றோரிடத்திற் குறைந்த எழுத்து ஈடு செய்ததால் கூட்டுத்தொகை மட்டும் மாறவில்லை. கணக்கேட்டில் இரு பிழைகள் ஒன்றையொன்று மறைப்பது போன்றதே இது. வாசகர் இவ்விரு அடிகளையும் மாறிமாறிப் படித்துப் பார்ப்பாராயின், இக்கட்டுரையின் எஞ்சிய வாதம் பெரும்பாலும் தேவைப்படாது.

இனி ஹைக்கூவை நோக்குவோம். தமிழில் யப்பானியக் குறுங்கவிதை பற்றிய பேச்சுக்குப் பாரதியார் 1916இல் சுதேசமித்திரனில் எழுதிய ‘ஜப்பானியக் கவிதை’ என்னும் கட்டுரை தோற்றுவாயாயிற்று. அதன் சொற்சுருக்கமே அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அப்துல் ரகுமானின் ‘பால்வீதி’ 1974இலும், அமுதபாரதியின் ‘புள்ளிப் பூக்கள்’, அறிவுமதியின் ‘புல்லின் நுனியில் பனித்துளி’ ஆகியன 1984இலும் வெளிவந்தன. தமிழில் ஹைக்கூ எழுதியோரிற் பெரும்பாலோர் மூன்றடியைக் கொண்டனரேயன்றிப் பதினேழு என்னும் எண்ணிக்கையைப் பேணவில்லை. அதனைக் குறையென்று கருதி, ஐந்து, ஏழு, ஐந்து எழுத்தென வரையறுத்தாலன்றி அது ஹைக்கூவாகாது என்று வற்புறுத்துவோரே இங்கு நம் கவனத்திற்குரியர்.

அவர்கள் எண்ணுவது எதனை? யப்பானியர் எண்ணும் அலகு நம் எழுத்தன்று. ஏறத்தாழ ஒரே கால அளவில் ஒலிக்கும் ஒலியலகு. ‘நிப்பொன்’ என்னும் அந்நாட்டுப் பெயரை அவர்கள் நான்கு அலகாகக் கொள்வர். இரட்டித்த ஒற்றின் முற்பகுதிக்கு ஓரலகு. ஈற்று ஒற்றுக்கும் ஓரலகு. நெட்டுயிருக்கு இரண்டலகு. நம் கட்டளை யாப்பின்படி எண்ணினால் அச்சொல் ஈரெழுத்தேயாகும். நம் எழுத்தெண்ணிக்கையில் குறிலும் நெடிலும் ஒவ்வொன்றே, ஒற்றுக்கு இடமேயில்லை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை எனத் தமிழிலக்கணம் கூறும் மாத்திரைக் கணக்கே யப்பானிய முறைக்கு அணுக்கமானது. ஆகவே தமிழில் ஐந்து, ஏழு, ஐந்து எழுத்தென எண்ணுவோர் யப்பானிய ஓசையையும் பெறுவதில்லை; தளையில்லாமையால் தமிழோசையையும் பெறுவதில்லை. கட்டளைக் கலித்துறையில் எழுத்தின் நிறையின்மையைத் தளை ஈடு செய்கின்றது. இங்கே ஈடு செய்வது எதுவுமில்லை. ஹைக்கூவின் உயிர்நிலைகளான பருவச்சொல்லும், காட்சியை இரண்டாகப் பிளந்து நிறுத்தும் வெட்டுச்சொல்லும் கைநழுவ, எண் மட்டுமே எஞ்சுகின்றது.

பிறமொழிக் குறுவடிவம் ஒன்றைத் தமிழுக்குக் கொண்டுவரும் முறைக்கு ஈழத்திலேயே நல்ல முன்மாதிரி உண்டு. மஹாகவி எனப் புகழ்பெற்ற து. உருத்திரமூர்த்தி (1927–1971) ஆங்கிலத்தின் லிமெரிக் வடிவத்தைக் குறும்பா என்னும் பெயரால் தமிழாக்கினார். ‘மஹாகவியின் குறும்பா’ 1966இல் நூலாயிற்று. லிமெரிக்கின் ஆங்கில அசையழுத்தத்தை அவர் எண்ணிப் பெயர்க்கவில்லை. நீண்டு, குறுகி, மீண்டும் நீண்டு முடியும் அதன் நடையையும் ஈற்றில் எழும் நகைப்பையும் இனங்கண்டு, அவற்றிற்கு ஒத்த ஓசையைத் தமிழ்ச் சீரிலும் எதுகையிலும் தேடினார். அதனாலேயே குறும்பா தமிழாகத் தோன்றுகின்றது. வடிவத்தைக் கற்பதற்கும் எண்ணைக் கற்பதற்குமுள்ள வேறுபாட்டுக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

அங்ஙனமாயின் செவியை எங்ஙனம் பெறுவது? புலவரிடமிருந்து என்பது எளிய விடை. ஆனால் புலவரை மதித்தல் வேறு, அவரிடம் கற்றல் வேறு. இவ்வேறுபாட்டைக் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டியின் (1807–1860) பணியை முன்வைத்து விளக்கலாம்.

1834இல் இலங்கை பற்றிய விவரணக் களஞ்சியம் ஒன்றை வெளியிட்டவரும், சட்ட நிருபண சபையில் அங்கம் வகித்தவரும், சிலாபத்தில் நீதிபதியாக விளங்கியவருமான காசிச்செட்டி, 1859இல் ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் ஆங்கில நூலை யாழ்ப்பாணத்தில் அச்சிட்டு வெளியிட்டார். ஏறத்தாழ இருநூறு தமிழ்ப் புலவரைப் பற்றிய செய்திகள் அதிலுள்ளன. கிரேக்கத்துப் புளூட்டாக் பெருமக்களின் வரலாறு எழுதியது போலத் தாமும் தமிழ்ப் புலவரின் வரலாறு எழுதப் புகுந்தார் என்பது நூற்பெயராலேயே விளங்கும். ஏட்டுச் சுவடிகளும் செவிவழிக் கதைகளுமே பெரும்பாலும் ஆதாரமாயிருந்த காலத்தில், ஒரு கடற்கரை ஊரிற் பிறந்த ஒருவர் இத்தகைய தொகுப்பை ஆக்கியமை வியந்து போற்றத்தக்கது. 1886இல் ஆணல்ட் சதாசிவம்பிள்ளை தமிழில் எழுதிய ‘பாவலர் சரித்திர தீபகம்’ இதன் வழிவந்தது. 1946இல் தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரின் குறிப்புகளோடு கொழும்பில் இது மறுபதிப்புப் பெற்றது.

அந்நூல் வரலாறு கூற எழுந்ததேயன்றிப் பாடக் கற்பிக்க எழுந்ததன்று. ஆகவே அது செய்யாததைக் கூறிக் குற்றங்காணல் முறையன்று. எனினும் அதன் வழியே நமக்கு ஏற்பட்ட பழக்கம் ஒன்று விமரிசனத்திற்குரியது. புலவர் எவ்வூரினர், எவ்வரசனிடம் பரிசு பெற்றார், எவரை வென்றார், எவ்வற்புதம் நிகழ்த்தினார் என்பவற்றை அறிந்ததோடு அவரை அறிந்ததாக எண்ணும் பழக்கமே அது. நம் பாடநூல்களும் மேடைப் பேச்சுகளும் இன்றுவரை அப்பழக்கத்தினின்று நீங்கவில்லை. பெயர்களின் வரிசை நீள்கின்றது. ஆனால் அப்புலவருள் ஒருவரது அடி ஏன் அவ்விடத்தில் நிற்கின்றது என்று கேட்போர் அரியர்.

புலவர் கதைகளுள் ஒன்று இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. தம்மோடு வாதிட்டுத் தோற்ற புலவரின் காதை வில்லிபுத்தூரார் அறுத்து வந்தார் என்றும், அருணகிரிநாதர் அந்தாதி பாட, தகர வரிசை எழுத்துகளாலேயே அமைந்த செய்யுள் ஒன்றுக்குப் பொருள் கூற இயலாது அவர் தோற்றார் என்றும் செவிவழிக் கதை கூறும். இது வரலாறு ஆகுமா என்பது வேறு வினா. பிழைபடப் பாடியவனுக்குக் காதறுத்தலே தண்டனை எனக் கதை புனைந்தோர், புலமையின் இருப்பிடம் காதே என்பதை உணர்ந்திருந்தனர் என்பதுதான் நமக்கு வேண்டுவது. வில்லிபுத்தூராரைத் தடுத்து நிறுத்தியதாகச் சொல்லப்படும் கந்தரந்தாதியும் கட்டளைக் கலித்துறையால் ஆனதே.

ஒரே எண்ணிக்கைக்குள் வேறுபட்ட குரல்கள் எவ்வாறு எழும் என்பதைக் காண விழையும் மாணவன் மூன்று நூல்களை அடுத்தடுத்து வாய்விட்டுப் படித்தல் நன்று. திருக்கோவையார் 400 கட்டளைக் கலித்துறைகளைக் கொண்டது. அதில் தலைவனும் தலைவியும் தோழியும் பேசுகின்றனர். தயங்கியும் மறைத்தும் பேசுகின்றனர். ஆதலால் வாக்கியம் அடியின் ஈற்றில் முடியாது அடுத்த அடியிற் புகுந்து இடையில் நிற்கின்றது. கந்தரலங்காரத்திலோ அடி விரைந்து செல்லும். யமனை எதிர்த்துக் கேட்கும் துணிவு அதில் உண்டு. அபிராமி அந்தாதியில் அம்மையின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வர, ஓசை சுழன்று சுழன்று ஓரிடத்திற்கே திரும்புகின்றது. மூன்றிலும் எழுத்து 16 அல்லது 17. எண்ணிக்கை இம்மூவருக்கும் பொது, செவி தனித்தனி. அபிராமிபட்டர் தமக்கு முன்னோர் கையாண்ட வடிவத்தையே கையாண்டார். ஆனால் அவர் குரலை முன்னோர் குரலெனப் படிப்பவர் எவரும் மயங்கார். முன்னோரை நன்கு கற்றவன் அவரைப் போலாகிவிடுவான் என்னும் அச்சத்திற்கு இது விடையாகும்.

இலக்கண ஆசிரியரும் இதனை அறிந்திருந்தனர். அமிதசாகரர் தம் யாப்பருங்கலக்காரிகையைக் கட்டளைக் கலித்துறையிலேயே இயற்றினார். விதியைக் கற்கும் மாணவன் அவ்விதி கூறும் செய்யுளை மனனஞ் செய்யும்போதே ஒரு வடிவத்தின் ஓசையைத் தன் நாவிற் பழக்கிக்கொள்கின்றான். கருத்து மறந்தாலும் ஓசை மறவாது. திண்ணைப் பள்ளிகளின் மனன முறையைப் பொருளறியாப் பாராயணம் என நாம் எளிதில் இகழ்ந்துவிட்டோம். அதில் இகழத்தக்கதும் இருந்தது. ஆனால் அதனோடு செவிப்பயிற்சியையும் சேர்த்து எறிந்துவிட்டோம். இன்று காரிகையின் விதிகள் வினாத்தாளுக்காக உரைநடைக் குறிப்புகளாகக் கற்பிக்கப்படுகின்றன. ஓசையை நீக்கி விதியை மட்டும் பெற்ற மாணவன் விரல் மடக்குவதன்றி வேறென் செய்வான்?

புத்தளக் கரையின் ஓசை மரபுகள் இவ்விடத்தில் நமக்குப் பாடமாகின்றன. உடப்பின் மீனவர் கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாவில் ஒருவர் அடியெடுக்க ஏனையோர் ஏற்றுப் பாடுவர். ஓரடிக்கும் மற்றோரடிக்கும் எழுத்தெண்ணிக்கை ஒத்திருக்க வேண்டுமென்பதில்லை. குறைந்த இடத்தில் குரல் நீளும். மிகுந்த இடத்தில் சொற்கள் நெருங்கும். இடையில் பொருளற்ற அசைகள் வந்து நிரப்பும். மாறாதது ஒன்றே. கயிற்றில் கைகள் யாவும் ஒருங்கே விழும் அந்த இழுப்பு. இங்கு எண்ணப்படுவது எழுத்தன்று, உழைப்பின் காலம். தாளம் தவறினால் வலை கோணும் என்பதால், பிழையை அறிவிக்க நடுவர் தேவையில்லை. உழவு இயந்திரங்களிற் பொருத்திய சுழலிகளால் வலையிழுக்கும் வழக்கம் இக்கரையிற் புகுந்தபின் அம்பாவின் தேவை சுருங்கியது. இழுப்பு நீங்கியபின் எஞ்சும் பாடலை ஏட்டில் எழுதிவைத்துப் படிப்பவர், அதன் அடிகள் சமனற்றவை எனக் கருதுதல் கூடும். குறை பாடலில் இல்லை. படிப்பவர் செவியில் உள்ளது.

முஸ்லிம் ஊர்களில் மௌலிது வைபவங்களில் ஓதப்படும் பைத்துகள் அறபு யாப்பில் அமைந்தவை. எட்டாம் நூற்றாண்டில் கலீல் இப்னு அஹ்மத் வகுத்த அவ்யாப்பு, உயிர்க்குறி பெற்ற எழுத்தும் பெறாத எழுத்தும் மாறி வரும் ஒழுங்கையே அடிப்படையாகக் கொண்டது. குறிலும் நெடிலும் ஒற்றும் கூடி அசையாகும் நம் முறையோடு இது ஒப்பிட்டு ஆராயத்தக்கது. ஆனால் ஓதும் சிறுவர் எவரும் இலக்கணங் கற்று ஓதுவதில்லை. மூத்தோரோடு சேர்ந்து ஓதுகின்றனர். தவறிய இடத்தில் கூட்டத்தின் குரல் அவர்களைத் திருத்துகின்றது. கத்தோலிக்கரிடையே யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் (1676–1742) ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் இராகத்தோடு ஓதப்படும் மரபு வளர்ந்தது. அது உரைநடை நூல்; எனினும் ஓதுவோர் குரலில் புலம்பலாயிற்று. சமயம் எதுவாயினும் கற்கும் முறை ஒன்றாயிருத்தல் கவனிக்கத்தக்கது. கேட்டல் முதலில், சேர்ந்து பாடல் பின்னர், விதி, வேண்டுமாயின், இறுதியில்.

இச்செவி நிலையானதன்று என்பதையும் இக்கரை காட்டுகின்றது. நீர்கொழும்பு முதல் சிலாபம் வரையுள்ள கரையோரக் கத்தோலிக்க ஊர்களிற் பல முன்னர் தமிழ் பேசியவை. இருபதாம் நூற்றாண்டிற் பாடசாலையின் மொழியும் வழிபாட்டின் மொழியும் மாற, அவ்வூர்களின் மக்கள் பெரும்பாலும் சிங்களம் பேசுவோராயினர். மொழி மாறுதல் மனித வரலாற்றில் இயல்பே. எவரையும் பழித்தற்கு இங்கு இடமில்லை. ஆயினும் கவிதை கற்போர் இதிலிருந்து உணரவேண்டியது ஒன்றுண்டு. இலக்கண விதிகள் நூலில் உள்ளவரை எவரும் எக்காலத்தும் அவற்றைப் படித்தறியலாம். கட்டளைக் கலித்துறைக்கு எழுத்தெத்தனை என்பதை மொழியறியாதவரும் கூறிவிடலாம். பாட்டி முதல் பேரன் வரை தொடர்ந்து வந்த செவியோ, ஒரு தலைமுறையில் அறுந்தால் மறு தலைமுறை நூலைப் பார்த்து அதனை மீட்க இயலாது. எண்ணிக்கையே கவிதை என்று கற்பிப்போர், அழியாததைக் காப்பதில் முயன்று, அழியக்கூடியதைக் கைவிடுகின்றனர்.

இக்கரையின் செவி வேறொரு வகையில் விரிந்தும் உள்ளது. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பெருந்தொகையாகப் புத்தளம் மாவட்டத்திற் குடியேறினர். மன்னார்த் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் முல்லைத்தீவுத் தமிழும் புத்தளத் தமிழோடு ஒரே வகுப்பறையில் ஒலிக்கலாயின. சொல்லை நீட்டும் இடமும் முறிக்கும் இடமும் ஊருக்கூர் வேறுபடும். இத்துணைப் பேச்சோசைகளைக் கேட்டு வளரும் மாணவனுக்குச் செவிச்செல்வம் இயல்பாகவே வாய்த்துள்ளது. அதனைப் பாவிற் பயன்படுத்த வழிகாட்டுவோரும் நம்மிடையே உளர். யாப்பின் ஒழுங்கு குன்றாமலே பேச்சின் ஓசை கேட்குமாறு அடிகளை முறித்து எழுதிய மஹாகவி, நீலாவணன் (1931–1975), முருகையன் (1935–2009) ஆகியோரின் வழி அது. மஹாகவியையும் நீலாவணனையும் ஊன்றிக் கற்ற எம். ஏ. நுஃமான், அவர்களது நகலாக நின்றுவிடாது ‘தாத்தாமாரும் பேரர்களும்’ (1977), ‘மழை நாட்கள் வரும்’ (1983) ஆகிய தொகுதிகளில் தமக்கேயுரிய குரலைக் கண்டார். முன்னோரின் சொல்லைக் கொண்டவன் கடன்பட்டவன். அவர்களது செவியைக் கொண்டவன் மாணவன்.

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படலாம். செவியே அளவுகோலென்றால் மதிப்பீடு தனிமனிதர் விருப்பமாகிவிடாதா? எண்ணிக்கையாயின் எவருக்கும் பொதுவன்றோ? இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. தன் செவிக்கு இனிது என்பதனால் மட்டும் தளைதட்டிய அடியை நியாயப்படுத்துவோர் உண்டு. எண்ணிக்கை பயன்படுவது இங்கேயே. அடியொன்றில் எழுத்து 15 அல்லது 18 ஆயின் எங்கோ ஓசை பிறழ்ந்துள்ளது என்பது உறுதி. அவ்விடத்தைத் தேடிக் கண்டு திருத்தலாம். ஆகவே எண்ணிக்கை நல்ல சாட்சி. பிழையைக் காட்டிக்கொடுக்கும்; ஆனால் குற்றமின்மையை அதனால் நிறுவ இயலாது. சாட்சியை நீதிபதியின் ஆசனத்தில் இருத்துவதே நம் போட்டிகளில் நிகழும் தவறு.

செவியும் தனிமனித விருப்பமன்று. பலர் கூடி வாய்விட்டுப் படிக்குமிடத்து நாத் தடுக்கும் இடம் பெரும்பாலும் அனைவருக்கும் ஒன்றாகவே இருக்கும். மேலே காட்டிய இரண்டாம் உப்பள அடியைப் பத்துப் பேர் படித்தால், காரணம் கூற அறியாதவரும் இடறும் இடத்தைச் சுட்டுவர். காரணத்தைக் கூறுவதே இலக்கணத்தின் பணி. இடத்தைக் கண்டறிவது செவியின் பணி.

இவற்றால் நம் தமிழ்ச் சங்கங்கள் செய்யத்தக்கவை சில புலனாகின்றன. போட்டிக்கு வரும் மரபுச் செய்யுளை நடுவர் தாளிற் பார்த்து எண்ணுவதற்கு முன் வாய்விட்டுப் படித்தல் வேண்டும். இயலுமாயின் எழுதியவரைக் கொண்டே படிப்பித்தல் வேண்டும். யாப்புப் பயிற்சியைத் தொடங்குமிடத்து விதிகளின் பட்டியலை விடுத்து, மாணவர் விரும்பும் புலவர் ஒருவரின் பத்துச் செய்யுளை ஓசையோடு மனனஞ் செய்வித்து, பின்னரே தளையைப் பிரித்துக் காட்டல் நன்று. ஹைக்கூ எழுத விழைவோர் பதினேழு எழுத்தைத் தேடுவதை விடுத்து, காட்சியை நிறுத்தும் வெட்டுக்குத் தமிழில் ஒத்த உத்தி யாது எனத் தேடுவாராயின் மஹாகவி குறும்பாவிற் கண்ட வெற்றியைத் தாமும் காணலாம். உடப்பிலும் கற்பிட்டியிலும் அம்பாவும் பைத்தும் அறிந்த மூத்தோர் உள்ளபோதே அவர்களது குரலை ஒலிப்பதிவு செய்தல் வேண்டும். சொற்களை மட்டும் எழுதி வருதல் போதாது.

காசிச்செட்டி புலவர்களின் பெயர் மறையாதிருக்க உழைத்தார், அப்பணி நிறைவெய்திற்று. அப்புலவர்களின் அடிகள் கேட்கப்படுவதற்கு உழைப்பது எஞ்சியுள்ள பணி. அதற்கு மடக்கிய விரல்களை விரித்துவிட்டு, முதலில் ஒருவர் படிக்க ஏனையோர் கேட்டல் வேண்டும்.